அடக்கத்தன்று நீ கேட்டதற்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் இங்கே அம்மாவும் தம்பியும் சுகம்.

அடக்கத்தன்று தம்பி போனில் காட்டியதைப் பார்த்துவிட்டு, "அப்பாயியை அந்தச் சேற்றிலா வைக்கிறீர்கள்?" என்று கேட்டாய். அப்போது என்னால் வாய் திறக்க முடியவில்லை. ஆமாம்மா, சேற்றில்தான் வைத்தோம். தரங்கம்பாடிப் பக்கம் கார்த்திகை மழையில் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வந்துவிடும். குழி வெட்டியவர்கள் வாளியால் இறைக்க இறைக்க, மறுபக்கம் களிமண் சரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் மணலைக் கொட்டி, மேலே வைக்கோலைப் பரப்பித்தான் பெட்டியை இறக்கினோம். போதகர் "மண்ணுக்கு மண்" என்று சொல்லிப் போட்டதும் சேறாகத்தான் விழுந்தது.

விசுவாசி மகிமைக்குள் போயிருக்கும்போது அழக்கூடாது என்று அங்கே யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். இந்த ஆறுதல்காரர்கள் அப்போஸ்தலர் பவுலைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் அவர் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். துக்கிக்கவே கூடாது என்று எழுதவில்லை. மரித்த லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் ஆண்டவர் கண்ணீர் விட்டாரே! நீ நன்றாக அழு. தூர தேசத்தில் தனியாக அழுவதுதான் எனக்கு வருத்தம்.

ஆத்துமா போய்ச் சேர்ந்துவிட்டது, உடம்பு வெறும் கூடு என்று சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. ஞாயிறுதோறும் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று விசுவாசப் பிரமாணத்தில் சொல்லத்தானே செய்கிறோம்? அரிவாள்மணையில் மீன் நறுக்கியே வளைந்துபோன அந்த ஆள்காட்டி விரல் ஆண்டவருக்கு வேண்டாததாகப் போய்விடவில்லை. பவுல் உடலை விதை என்கிறார். அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும் என்கிறார். அவர் மனதில் இருந்தது கோதுமை. நாற்றங்கால் வரப்பில் விளையாடி வளர்ந்த உனக்கு, சேற்றைப் பற்றி நான் என்ன சொல்ல?

தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்த நம் சீகன்பால்கு ஐயரை நினைத்துப் பார். 1718 அக்டோபரில் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டையானது. அடுத்த பிப்ரவரியில், 36 வயதில், அவரை அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். 300 ஆண்டுகளுக்கு மேலாகியும் எழுந்து வரவில்லையே என்று கேலி பேசுகிறவன் பேசட்டும். அந்தக் கல்லறையை வைத்துக்கொண்டுதான் வருஷந்தோறும் அங்கே ஈஸ்டர் கொண்டாடுகிறோம்.

அப்பாயியின் வேதாகமத்தை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். அட்டை கழன்றிருக்கிறது, தைக்கக் கொடுக்க வேண்டும். கல்லறைக்குக் கல், தை பிறந்து மண் இறுகிய பிறகுதான் வைக்க முடியும். பெயரும் தேதியும் போக இரண்டு வரிக்குத்தான் இடம் என்கிறார் கல் வெட்டுபவர். எந்த வசனம் என்று நீயே பார்த்து எழுது.

அன்புடன்,
அப்பா