ஃப்ரிட்ஜில் ஏழு பாட்டில்

செயின்ட் பால், மினசோட்டா
பிப்ரவரி, ஞாயிறு காலை

அன்புள்ள வாத்தியாரே,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். "பையன் பள்ளிக்கூடம் மாறிட்டானாமே, ஏன்?" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லக் கூச்சமாக இருந்தது. எழுதும்போது முகம் பார்க்க வேண்டியதில்லை, அதனால் சொல்கிறேன்.

போன வருடம் முழுக்கக் காலை பத்து மணிக்கு ஒரு போன் வரும். பதிவு செய்த குரல். உங்கள் பிள்ளை முதல் வகுப்புக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிடும். முதலில் ஒரு வகுப்பு, அப்புறம் இரண்டு, பிறகு நாள் முழுக்க. பஸ்ஸில் ஏறிப் போனவன் எங்கேயோ போய் உட்கார்ந்திருப்பான். இரண்டாயிரம் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் ஒருவன் குறைந்தால் அந்த மெஷினுக்குத்தான் தெரிகிறது. இந்த மாநிலத்தில் தொடர்ந்து 15 பள்ளி நாட்கள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். இவன் பதின்மூன்று வரை போய்விட்டான். பன்னிரண்டாவது முடிக்க 21.5 கிரெடிட் வேண்டும்; பாடங்களில் தேறத் தேறச் சேர்கிற புள்ளிதான் கிரெடிட். பத்தாவது முடிவில் இவன் கையில் இருந்தது ஐந்து. கத்தினேன், கெஞ்சினேன், போனைப் பிடுங்கி வைத்தேன். ராத்திரியெல்லாம் விழித்திருந்து காலையில் கதவைச் சாத்திக்கொள்வான். அவ்வளவுதான்.

கடைசியில் அந்தப் பள்ளியில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்கிற கவுன்சிலரே ஒரு சார்ட்டர் பள்ளியின் பெயரை எழுதிக் கொடுத்தார். சார்ட்டர் என்றால் தனியார் என்று நினைத்துக்கொள்ளாதே. அரசுப் பணத்தில், ஒப்பந்தம் போட்டுத் தனி நிர்வாகத்தில் நடக்கிற பொதுப் பள்ளி. பீஸ் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது, இடத்துக்கு மேல் ஆள் வந்தால் குலுக்கல். அரசாங்கம் தலைக்கு இவ்வளவு என்று பணம் தரும். ஒப்பந்தத்தில் சொன்னபடி நடத்தாவிட்டால் மூடச் சொல்லலாம். அமெரிக்காவிலேயே இதற்குச் சட்டம் போட்ட முதல் மாநிலம் மினசோட்டாதான், 1991-இல். அடுத்த வருடமே இதே செயின்ட் பாலில் சிட்டி அகாடமி திறந்தது. நாட்டின் முதல் சார்ட்டர் பள்ளி அது. சேர்ந்தவர்கள் யார் தெரியுமா? படிப்பை விட்டுவிட்ட பிள்ளைகள், முப்பது சொச்சம் பேர். ஆக, இந்த ஏற்பாடு முதன்முதலில் கதவைத் திறந்ததே இவனைப் போன்றவர்களுக்காகத்தான். அது எனக்குத் தெரிந்தது பிற்பாடு.

முதலில் நான் செய்தது நம் ஊர் வேலை: ரிசல்ட் பார்த்தேன். ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை நான்கு வருடத்தில் முடிக்கிறவர்கள் பாதிக்கும் கீழே. மாநிலச் சராசரியோ 80 சதவீதத்துக்கு மேல். நேரில் போனால், பழைய அலுவலகக் கட்டடத்தில் ஒரு மாடி வாடகைக்கு. மைதானம் இல்லை. வீட்டுக்கு வந்து, "வேண்டாம், பேர் கெட்டுப்போகும்" என்றேன். யார் பேர் என்று மனைவி கேட்டாள். பதில் வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி நம் பள்ளிக்கூடத்து வாசல் போர்டு ஞாபகம் வந்தது. 'பத்தாம் வகுப்பு: நூற்றுக்கு நூறு தேர்ச்சி.' ஒன்பதாவதிலேயே எத்தனை பேருக்கு டீசி கொடுத்து அந்த நூறைக் காப்பாற்றினார்கள் என்று உனக்கும் எனக்கும் தெரியும். நம் பெஞ்சிலேயே ஒருத்தன் போனான். இந்தப் பள்ளியில் கதை தலைகீழ். நான்கு வருடக் கணக்கில் ஏற்கெனவே இரண்டு வருடத்தைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஐந்தாவது, ஆறாவது வருடத்தில் முடிப்பவன் அந்த எண்ணில் ஏறுவதில்லை. இங்கே 21 வயது வரை இலவசமாகப் படிக்கலாம், அதனால் இவர்களுக்கு அவசரமில்லை. மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

எல்லா சார்ட்டரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஓஹாயோவில் ஒரு பெரிய இணையவழிப் பள்ளி, பிள்ளைகள் படித்ததற்கு ஆதாரம் காட்ட முடியாமல், வாங்கிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்லப்பட்டு, 2018 ஜனவரியில் நடு வருடத்தில் மூடியது. சுமார் 12,000 பேர் அலைந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று பணம் வந்தால் தலையை மட்டும் எண்ணுகிறவனும் வருவான்.

இவன் பள்ளியில் எண்ணிக்கை நூறைத் தாண்டாது. பதினைந்து பேருக்கு ஒரு ஆசிரியர், முடிக்கும் வரை அவரே. காலையில் வராவிட்டால் அவரே போன் செய்கிறார், என்னை விட்டுவிட்டு இவனுக்கு. "பஸ்ஸை விட்டுட்டியா, அடுத்ததுல வா." திட்டு கிடையாது. முதல் மாதம் எனக்கு அதுவே எரிச்சல். இப்படிச் செல்லம் கொடுத்தால் உருப்படுவானா என்று இருந்தது. இப்போதும் வாரத்துக்கு ஒரு நாள் மட்டம் போடுகிறான். கணக்கில் இன்னும் தள்ளாட்டம்தான். ஆனால் கிரெடிட் ஒன்பதாகிவிட்டது.

பாதிப் பாடம் பிராஜெக்ட். இவன் எடுத்திருப்பது உப்பு. இங்கே சாலையில் பனி உருக உப்பு கொட்டுவார்கள், அது பனித் தண்ணீரில் கரைந்து ஏரிக்குப் போய்விடும். ஒரு டீஸ்பூன் உப்பு ஐந்து கேலன், அதாவது 19 லிட்டர் தண்ணீரைக் கெடுக்கும் என்பது மாநில மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பின் கணக்கு. உப்பில் இருக்கிற குளோரைடு லிட்டருக்கு 230 மில்லிகிராமைத் தாண்டினால் நீர்வாழ் உயிர்களுக்கு ஆபத்தாம். கெமிஸ்ட்ரி புத்தகத்தைத் தொடாதவன் மைனஸ் பதினெட்டு டிகிரியில் ஐஸைக் குடைந்து தண்ணீர் எடுத்து வருகிறான். ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் ஏழு பாட்டில், ஒவ்வொன்றிலும் தேதி, இடம், 'தொடாதே'. போன வாரம் ஒன்றை எடுத்து ரசத்தில் ஊற்றப் போய்விட்டேன்.

சோதனைப் பட்டையைத் தண்ணீரில் முக்கித்தான் அளக்கிறான். நான் சும்மா இருக்காமல், வெள்ளி நைட்ரேட் ஊற்றினால் தயிர் போன்ற வெண்மை நிற வீழ்படிவு வரும் என்று நாம் உருப்போட்டதைச் சொல்லிவிட்டேன். அது ஏன் தயிர் மாதிரி இருக்கிறது என்று கேட்கிறான். எனக்குத் தெரியாது. கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒருத்தர் இருக்கிறார் என்று உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு உனக்கு ராத்திரி எட்டரைக்கு வீடியோவில் வருகிறாயா? எங்களுக்குக் காலை ஒன்பது. எழுப்பிவிடுவது என் பொறுப்பு. எழுந்திருக்காவிட்டால் நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்போம்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பெஞ்ச்காரன்