லோரோங் கூலிட் பெரியவருக்கு நன்றி

பினாங்கு லோரோங் கூலிட் காலைச் சந்தையில் நான் வாங்கிய பழைய கைக்கருவி எதற்கென்று சொல்லித் தந்த பெரியவருக்கு இந்த நன்றி. பெயர் கேட்பதற்குள் கூட்டத்தில் போய்விட்டார்.

துப்பாக்கி மாதிரி பிடி, அழுத்தினால் முன்னே வரும் சிறு முனை, எதிரே 4 முதல் 12 வரை எண் பொறித்த வட்டு. விற்றவருக்கே அது என்னவென்று தெரியவில்லை. பெரியவர் கையில் வாங்கி அழுத்திப் பார்த்துவிட்டு, "ரம்பத்தோட பல்லை வளைக்கிறது இது, தம்பி" என்றார்.

அப்புறம் அவர் விளக்கியதுதான் அருமை. கைரம்பத்தின் பற்கள் ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் வெட்டு தகட்டைவிடச் சற்று அகலமாக விழும், ரம்பம் மரத்தில் இறுகாது. வட்டிலுள்ள எண், ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல்முனை என்பதற்கு. ஒன்றுவிட்டு ஒன்றாக வளைத்து, ரம்பத்தைத் திருப்பி மீதியை வளைக்க வேண்டும். அதுவும் பல்லின் மேல்பாதியை மட்டும். அடிவரை வளைத்தால் ஒடிந்துவிடும். பல் நுனி கருத்திருக்கும் இக்கால ரம்பங்களில் இதை வைக்கவே கூடாதாம். அந்தப் பற்கள் மிகக் கடினம், வளையாமல் முறியும்.

அப்பாவின் பழைய ரம்பத்துக்கு முக்கோண அரம் போட்டு, பல்லும் வளைத்துவிட்டேன். மெராந்திப் பலகையில் சிக்காமல் ஓடுகிறது.

ஐயா, அவ்வளவு பொறுமையாக நின்று சொல்லிக் கொடுத்தீர்கள். மனமார்ந்த நன்றி. மறுபடி சந்தையில் பார்த்தால் தே தாரிக் தேநீர் என் செலவு.