வள்ளல் அழகப்பரைக் கடைவீதியும் நினைக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 5 வள்ளல் அழகப்பச் செட்டியாரின் நினைவு நாள். மறுநாள் அவரது பிறந்த நாள். 1909-இல் கோட்டையூரில் பிறந்து, 48 வயது நிறைவதற்கு ஒரு நாள் இருக்கையில் 1957-இல் மறைந்தவர் அவர். காரைக்குடியின் கல்வி வளாகங்களில் அவருடைய பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அவர் முதலில் ஒரு வணிகர் என்பதை எங்கள் கடைவீதி ஏறக்குறைய மறந்துவிட்டது.

திருச்சூர் மாவட்டத்தில் அவர் தொடங்கிய நூற்பாலையைச் சுற்றி எழுந்த ஊர் இன்றும் அழகப்ப நகர் என்றே வழங்குகிறது. விமான நிறுவனம்கூட நடத்திப் பார்த்தவர். அப்படி ஈட்டிய பொருளை அவர் கொடுத்த விதம்தான் வியப்புக்குரியது. 1947-இல் சென்னையில் நடந்த அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில், கல்லூரிகள் தொடங்கச் செல்வந்தர்கள் முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் கேட்டுக்கொண்டபோது, காரைக்குடியில் தாம் தொடங்குவதாக அந்தக் கூட்டத்திலேயே அறிவித்தார். அவ்வாண்டே கல்லூரியும் தொடங்கிவிட்டது. பெண்கள் கல்லூரிக்குத் தாம் குடியிருந்த வீட்டையே ஒழித்துக் கொடுத்தார்.

இவற்றினும் பெரிதாக நான் கருதுவது மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை. பெருநகரம் எதற்கோ போயிருக்க வேண்டிய அந்த நிறுவனத்தை, 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து, இந்த வானம் பார்த்த பூமிக்கு அவர் கொண்டுவந்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மின்கலம், உலோக முலாம், துருப்பிடித்தல் என்று அங்கே நடக்கும் ஆராய்ச்சிகளின் தொடர்ச்சியாக, மண்டபம் கடற்கரையில் உள்ள அதன் நிலையத்தில் உலோகத் தகடுகளை உப்புக்காற்றில் காயவைத்து அவை எப்படி அரிக்கப்படுகின்றன என்று பார்க்கிறார்கள். கோயில் திருப்பணிக்கு வாரி வழங்கிய குடியில் பிறந்த ஒருவர், அதே கையால் இதற்கும் கொடுத்திருக்கிறார்!

இன்று ஊருக்கு ஒரு நிழற்குடை அமைத்துத் தந்தாலும், நிழலைவிட விளம்பரப் பலகை பெரிதாக இருக்கிறது. ஆகவே காரைக்குடி வணிகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அக்காலத்தில் விற்பனையில் ஒரு சிறு பங்கை மகமை என்று எடுத்துவைத்துப் பொதுக்காரியங்களுக்குச் செலவிடுவது வணிகர்களின் வழக்கம். அந்த வழக்கத்தை ஏப்ரல் 5, 6 ஆகிய இரு நாள்களுக்கு மட்டுமாவது புதுப்பித்து, சேரும் தொகையை அழகப்பர் பெயரால் பாலிடெக்னிக் படிக்கும் ஏழை மாணவர்களின் கட்டணத்துக்கு அளிக்கலாம். கணக்கைக் கடைவீதியிலேயே ஒரு பலகையில் எழுதி வைத்தால் போதும். விழாவும் பொன்னாடையும் வேண்டாம். இதைத் தங்கள் நாளிதழ் வழியாக அவர்கள் கவனத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காரைக்குடி.