ஜீப் தரமாட்டேன்

போடி,
ஞாயிறு இரவு

அன்பு மகனுக்கு,

நேற்று போனில் நண்பர்களோடு காட்டுக்குள் மலையேறப் போக ஜீப் கேட்டு நீ பேசும்போது அம்மா பக்கத்தில் இருந்தாள், அதனால் ஒன்றும் சொல்லவில்லை. "வனத்துறை கேட்டுதானேப்பா பூட்டியிருக்கு, பக்கத்துல ஒத்தையடிப் பாதை இருக்கு. பிடிச்சா ரெண்டாயிரம் ஃபைன் கட்டிட்டு வந்துருவோம்" என்றாய். அந்த ரெண்டாயிரம் யார் சொன்ன கணக்கு?

நீ ஆறாவது படிக்கும்போது ஒன்றரை மாதம் ஜீப் வீட்டில் இல்லையே, ஞாபகம் இருக்கிறதா? என்ஜின் வேலை என்று உன்னிடம் சொன்னோம். அது நின்றது வனத்துறை ரேஞ்ச் ஆபீஸில். வெளியூர்க்காரர்கள் நாலு பேர் அருவி பார்க்கணும் என்றார்கள். வாடகைக்கு ஆசைப்பட்டு, வனத்துறையின் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டியை விட்டேன். அவர்கள் அபராதம் கட்டி அன்று இரவே பஸ் ஏறிவிட்டார்கள், வண்டி மாட்டிக்கொண்டது. மீட்கப் போனபோது முன்சக்கரத்தில் கொடி சுற்றியிருந்தது, பானெட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் சவாரி அந்த சீசன் முழுக்கப் போச்சு. அம்மா வளையல் அடகுக்குப் போனது அப்போதுதான்.

அது வெறும் காப்புக்காடு. நீ சொல்லும் இடம் 2021-ல் வந்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் இருக்கிறது. வக்கீல் மாமாவிடம் கேட்டேன். அந்தக் காப்பகத்தில் வரும் சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் கால் வைத்தாலே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்குதான். 2022 திருத்தத்துக்குப் பிறகு 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் போடலாம். கோர்ட்டுக்குப் போகாமல் பணம் கட்டி முடிக்கிற தொகையே 5 லட்சம் வரை கேட்கலாமாம். காப்பகத்தின் மையப் பகுதி என்றால் 3 ஆண்டுக்குக் குறையாது, 7 வரை போகும். தெரியாமல் வந்துட்டோம் சார் என்று சொல்லவும் உனக்கு வழியில்லை. 'அத்துமீறி நுழையாதீர்' போர்டை நீயே போட்டோ எடுத்து நண்பர்கள் குரூப்பில் போட்டிருக்கிறாய்.

ஜெர்மனி போக பாஸ்போர்ட்டுக்கு வேறு எழுதிப் போட்டிருக்கிறாய். கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருந்தால் அது நின்றுபோகலாம்.

2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீ உனக்குத் தெரியும். மலையேற வந்தவர்கள் டாப் ஸ்டேஷன் வழிக்கு அனுமதி வாங்கிவிட்டுக் கொழுக்குமலைப் பக்கம் போனார்கள் என்று அப்போது பேச்சு. 20 பேருக்கு மேல் தீயில் போனார்கள். போர்வையில் டோலி கட்டித் தூக்கி வந்தவர்களில் இரண்டு பேரை நம் ஜீப்பில்தான் ஏற்றினேன். ஒரு பெண் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பின்சீட்டு ரெக்சினை அந்த வாரம் மாற்றினேன், ஏன் என்று நீ கேட்கவில்லை.

மலை ஏறணும் என்றால் ஏறு. வனத்துறையே 'டிரெக் தமிழ்நாடு' என்று 2024-ல் 40 பாதை திறந்திருக்கிறது. குரங்கணியும் அதில் இருக்கிறது, கைடும் கூட வருவார். தீ சீசனில் மூடுவார்கள், தேதி பார்த்துப் பதிவு செய். அடிவாரம் வரை நானே கொண்டு விடுகிறேன்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று மட்டும் சொல். அம்மா மாவு ஆட்டணும் என்கிறாள்.

இப்படிக்கு,
அப்பா