பதினொன்றாவது வரி

அன்புத் தோழி,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வேலையை விட்டுவிட்டுக் கதை எழுதப் போகலாமா, இருப்பதைக் குறைத்துக்கொண்டு எளிமையாக வாழ முடியுமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே பன்னிரண்டு இலக்குகளை எண் போட்டு அனுப்பியிருக்கிறாய். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி எனக்கு மட்டும் காட்டுவாயே, அந்தக் கதைகள்தான் நினைவுக்கு வந்தன. இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஆசை உன்னிடம் உயிரோடு இருப்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

என் பக்கத்துச் செய்தி: மறுபடி வரைகிறேன். பதினான்கு மாதமாகிறது. காலையில் மற்றவர்கள் எழுவதற்கு முன் அரை மணி நேரம், ஒரு பென்சில், ஒரு நோட்டு. வரைவது என் இடது கையை மட்டும். எங்கும் தேடிப் போக வேண்டாம், எப்போதும் கூடவே இருக்கிறது என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் மாதம் விரல்களை விரல்களாகவே வரைந்தேன். ஐந்து குழாய்களை ஒட்டவைத்தது போல வந்தது. ஒரு நாள் விரல்களை விட்டுவிட்டு, அவற்றுக்கு நடுவே தெரியும் காலியிடத்தின் வடிவத்தை வரைந்து பார்த்தேன். ஒல்லியான பிளவு ஒன்று, சாய்ந்த முக்கோணம் ஒன்று. முடித்துவிட்டு நிமிர்ந்தால், நடுவில் கை தானாக வந்து நிற்கிறது! கட்டைவிரல்தான் இன்னும் படியவில்லை. மற்ற நான்கும் பார்க்கும் திசையை அது பார்ப்பதில்லை, நகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. அதன் அடி மணிக்கட்டுக்குப் பக்கத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. பிறந்ததிலிருந்து கூட இருக்கும் கையை நான் இதுவரை பார்த்ததே இல்லை என்று தெரிந்தபோது கண் கலங்கிவிட்டது.

நானும் பட்டியல் போட்டவள்தான். ‘ஓவியக் கண்காட்சி வைக்க வேண்டும்’ என்று வருஷா வருஷம் டைரியின் முதல் பக்கத்தில் எழுதுவேன். ஆனால் ஒரு கோடுகூடப் போட்டதில்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-ல் எழுதிய ஒரு கட்டுரை பற்றிப் பிறகு படித்தேன். ‘இதைச் செய்வேன்’ என்று மட்டும் நினைப்பவர்களைவிட, எப்போது, எங்கே, எப்படிச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்பவர்கள் அதைச் செய்து முடிப்பது அதிகம் என்கிறார். என் டைரியில் ஆசை இருந்தது; அதற்கு ஒரு மணி நேரமும் ஒரு நாற்காலியும் ஒதுக்கப்படவில்லை.

வேலையை விடுவது பற்றி: இப்போது வேண்டாம். ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரொலோப் தபால் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அதிகாலை ஐந்தரைக்கு எழுத உட்கார்ந்துவிடுவார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதினார். 1867-ல் வேலையை விட்டபோது அவருக்கு 52 வயது. அதற்குள் நாவலாசிரியராகப் பெயர் பெற்றிருந்தார். மொத்தம் 47 நாவல்கள். அந்த வேகம் நமக்கு வேண்டாம். ஆனால் சம்பளம் வருகிற வரை உன் கதை உனக்குச் சோறு போட வேண்டியதில்லை. அந்தச் சுமை இல்லாத கதை சுதந்திரமாக வளரும் என்று நம்புகிறேன்.

எளிமை விஷயத்தில் நான் தப்பான இடத்தில் ஆரம்பித்தேன். அலமாரியைக் காலி செய்து, துணிகளையும் பாத்திரங்களையும் கொடுத்துவிட்டேன். வீடு விசாலமானது, நாள் மட்டும் அப்படியே நெரிந்து கிடந்தது. பிறகுதான் இரவில் போனை வேறு அறையில் வைத்தேன். மனசில்லாமல் ஒப்புக்கொண்டிருந்த இரண்டு பொறுப்புகளிலிருந்து விலகினேன். அதில் ஒருவருக்கு என்மேல் வருத்தம், இன்னும் சரியாகப் பேசுவதில்லை. அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அந்த அரை மணி அங்கிருந்துதான் கிடைத்தது.

21 நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழு 96 பேரை வைத்து நடத்திய ஆய்வில், ஒரு செயல் தானாக வருவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரைகூட ஆகும் என்று கணக்கிட்டார்கள். எனக்குத் தெம்பு தந்தது அதில் இன்னொரு விஷயம்: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லையாம். காய்ச்சலில் நான்கு நாள் படுத்திருந்தபோது அதை நினைத்துக்கொண்டுதான் ஐந்தாம் நாள் பென்சிலை எடுத்தேன்.

இப்போது உன் பட்டியல். பெரும்பாலான வரிகள் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். உடம்பைக் குறைப்பது, புது மொழி கற்பது, பயணம். பதினொன்றாவது மட்டும் பொடி எழுத்தில் இருக்கிறது: ‘பாட்டி கடைசி வருஷங்களில் பேசாமல் இருந்தது பற்றி’. அதை எழுதும்போது உன் பேனா தயங்கியிருப்பது காகிதத்தில் தெரிகிறது. மற்றவற்றை ஒரு வருஷத்துக்கு மூடி வைத்துவிடு. எந்த நேரம், எந்த நாற்காலி என்று மட்டும் எனக்கு எழுது.

இதோடு இன்று காலை வரைந்ததை வைத்திருக்கிறேன். பதிலுக்குப் பாட்டியின் ஒரு பக்கத்தை அனுப்பு. அடித்தல் திருத்தலோடு, அப்போது கணக்கு நோட்டில் காட்டியது போலவே.

உன்
மூன்றாம் பெஞ்சுத் தோழி