மைக்கேல் ஜாக்சனுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புக்கும் மரியாதைக்கும் உரியவர்களே,

2009 ஜூன் 25 அன்று லாஸ் ஏஞ்சலஸில் மைக்கேல் ஜாக்சன் மறைந்தார். 50 வயது. அந்த நாள் திரும்பி வரும்போதெல்லாம் ரசிகர்கள் அழுகிறோம், ஆடுகிறோம், அவர் பெயரைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறோம். உங்கள் பெயர்களை யாரும் சொல்வதில்லை. இசைத்தட்டு உறையின் பொடி எழுத்துகளில் இருப்பவர்கள் நீங்கள். அவர் குரலை நாடாவில் பிடித்தவர், அவருக்குப் பின்னால் வாசித்தவர்கள், அவர் காலுக்குச் செருப்பு செய்தவர்கள். உங்களில் பலர் இன்று இல்லை. இருந்தாலும் பட்ட கடனை ஊரறியச் சொல்லத்தான் வேண்டும்.

முதல் வணக்கம் ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடீன் அவர்களுக்கு. 2020 நவம்பரில் நீங்களும் போய்விட்டீர்கள். 1982-இல் பதிவான ஒரு மேளச் சத்தம் இன்றும் பக்கத்து அறையில் அடிப்பது போலக் கேட்கிறதே, அது எப்படி என்று கேட்பவர்களுக்கு உங்கள் வேலைமுறைதான் பதில். அந்தக் காலத்தில் 24 தடங்கள் கொண்ட இரண்டு அங்குல நாடாவில்தான் பதிவு. மேளமும் பேஸும் (தாழ்ந்த ஒலி தரும் கிட்டார்) முதலில் பதிவாகும். அதன்மேல் பாட்டு, கிட்டார், குழல்கள், கோரஸ் என்று மாதக்கணக்கில் ஏற்றிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு தடவையும் நாடா இயந்திரத்தின் தலையில் உரசி ஓடுகிறது. குச்சி தோலில் விழும் அந்தக் கணத்தின் கூர்மைதான் முதலில் மழுங்கும். எல்லா வேலையும் முடிந்து, தடங்களை ஒன்றாகச் சேர்க்கும் கடைசிக் கலவைக்கு வரும்போது மேளம் சோர்ந்துபோயிருக்கும்.

நீங்கள் அதற்கு இடமே கொடுக்கவில்லை. மேளத்தையும் பேஸையும் பதிவு செய்த மூல நாடாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டீர்கள். அதன் தற்காலிகக் கலவை ஒன்றை வேறொரு நாடாவில் ஏற்றி, மற்ற எல்லாரையும் அதைக் கேட்டே பாடவும் வாசிக்கவும் வைத்தீர்கள். கடைசியில் மூல நாடா வெளியே வந்து, இரண்டு இயந்திரங்களும் ஒரே நேரக் குறியீட்டின்படி இணைந்து ஓடின. ஒவ்வொரு நாடாவிலும் ஒரு தடம் அந்தக் குறியீட்டுக்கே போய்விடும். 24-இல் மிச்சம் 23. அந்த இழப்பை ஏற்றுக்கொண்டதால்தான் இத்தனை ஆண்டு கழித்தும் அந்த அடிகள் அப்படியே கூராக இருக்கின்றன.

'பில்லி ஜீன்' பாட்டின் மேளத்துக்கு நீங்கள் பட்ட பாடு தனி. முதல் சில அடிகளைக் கேட்டதுமே இன்ன பாட்டு என்று தெரிந்துவிட வேண்டும் என்பது இலக்கு. வண்ணம் பூசாத ஒட்டுப்பலகையில் 8 அடிச் சதுர மேடை கட்டி, குறுக்குக் கட்டைகள் கொடுத்து இறுக்கி, அதன்மேல் மேளத்தை வைத்தீர்கள். பெரிய மேளத்தின் அதிர்வு தரைக்குள் இறங்கிக் கலங்கலாகத் திரும்பி வராமல் இருக்க அது. பெரிய மேளத்துக்குத் தனியாக ஒரு உறை தைக்கச் செய்து, அதன் ஜிப்பைத் திறந்து மைக்கை உள்ளே நுழைத்தீர்கள். ஸ்னேர் மேளத்துக்கும் ஹை-ஹாட் தாளத்துக்கும் நடுவே ஒரு பலகையை நிறுத்தினீர்கள். அது இல்லாவிட்டால் தாளத்தின் 'ச்சிக்' ஒலி ஸ்னேர் மைக்கில் கசியும். பிறகு ஸ்னேரை உயர்த்த நினைத்தால் தாளமும் கூடவே ஏறிக்கொள்ளும்.

அந்தப் பாட்டுக்கு நீங்கள் போட்ட கலவைகள் 91. வெளியானது இரண்டாவது. இதை விடாமுயற்சிக் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. அது சரியாகப் படவில்லை. அத்தனை திருத்தங்களையும் கேட்ட பிறகு "இரண்டாவதைப் போடு" என்று சொன்ன தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸின் காதுக்கும், உழைப்பு வீணாகிறதே என்று முரண்டு பிடிக்காமல் அதை ஏற்றுக்கொண்ட உங்கள் மனதுக்கும்தான் எங்கள் நன்றி. திருத்தத் திருத்த விவரம் கூடும், துடிப்பு குறையும். பெரும்பாலான பாடல்கள் சாவது அந்த இடத்தில்தான்.

மைக்கேலின் குரலுக்கு நீங்கள் வைத்தது ஷூர் எஸ்எம்7. அந்த நாளில் வானொலி நிலையங்களில் அதிகம் புழங்கிய மைக். விலையுயர்ந்த கண்டென்சர் மைக்குகள் கையில் இருந்தும் இதைத் தேர்ந்தீர்கள். டைனமிக் வகை என்பதால் அறையின் எதிரொலியை அதிகம் வாங்காது. வாய்க்கு அருகே வைத்துப் பாடினாலும் கரகரக்காது. மைக்கேலால் நின்ற இடத்தில் நின்று பாட முடியாது. கால் தட்டுவார், விரல் சொடுக்குவார், மூச்சை இழுப்பார். வேறு யாராக இருந்தாலும் காலடியில் கம்பளத்தை விரித்து அதையெல்லாம் அமுக்கியிருப்பார்கள். நீங்கள் மரப்பலகையைப் போட்டு அத்தனையையும் பதிவில் விட்டுவைத்தீர்கள். அவர் உடல் அந்தப் பாடல்களுக்குள் இருப்பது உங்களால்தான். நல்ல ஹெட்போனில், சத்தத்தைப் பாதிக்குமேல் ஏற்றாமல், வரிகளுக்கு இடைப்பட்ட மௌனங்களைக் கவனித்தால் யாருக்கும் கேட்கும். ஒலிபெருக்கியில் பேஸ் அவற்றை விழுங்கிவிடும்.

கோரஸ் முழுக்க அவர் ஒருவரே பாடியும் ஒரு கூட்டம் பாடுவது போல எப்படிக் கேட்கிறது என்பதற்கும் நீங்கள் விளக்கம் சொல்லிவிட்டுத்தான் போனீர்கள். ஒரு வரியை முதலில் மைக்குக்கு நெருங்கிப் பாட வைப்பது. அதே வரியை அதே இடத்தில் இரண்டாம் முறை. மூன்றாம் முறை அவரை இரண்டடி பின்னால் தள்ளி நிறுத்தி, மைக்கின் அளவை முன்பிருந்த சத்தத்துக்குச் சமமாக உயர்த்துவது. இப்போது குரலோடு அறைச்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்து வரும். மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் பின்னணியில் ஆழம் பிறக்கிறது. இதைச் செய்து பார்க்கிறவர்கள் தவறுவது ஒரே இடத்தில்: மூன்று முறையும் மெய்யெழுத்துகள் ஒரே கணத்தில் முடிய வேண்டும். 'ட்', 'ஸ்' கொஞ்சம் முன்பின்னாக விழுந்தாலும் பின்னணி முழுக்கக் குப்பை. மைக்கேலின் மூன்று தடங்களும் இம்மி பிசகாமல் பொருந்தின. அந்தப் பெருமை அவருடையது. அவர் குரலைப் பழக்கிய ஆசிரியர் செத் ரிக்ஸ் அவர்களுக்கும் அதில் பங்குண்டு. பதிவுக்கு முன் தவறாமல் குரல் பயிற்சி செய்யும் பழக்கம் மைக்கேலிடம் இருந்ததால்தான் உச்ச ஸ்தாயியிலும் தொண்டை இறுகாமல் இருந்தது.

குவின்சி ஜோன்ஸ் அவர்களே, 2024 நவம்பர் 3 அன்று நீங்களும் விடைபெற்றீர்கள். உங்களுக்கு நன்றி சொல்ல எத்தனையோ உண்டு. இங்கே ஒன்றே ஒன்று. 'த்ரில்லர்' தொகுப்பு முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்த நாளில் தட்டைப் போட்டுக் கேட்டபோது சத்தம் நோஞ்சானாக இருந்தது. காரணம் நீளம். இசைத்தட்டில் தாழ்ந்த ஒலிக்குப் பள்ளம் அகலமாக வளைய வேண்டும். ஒரு பக்கத்தில் நிமிடங்கள் கூடினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். ஒன்றோடொன்று முட்டாமலிருக்க மொத்த சத்தத்தையும் குறைக்க வேண்டும். குறைத்தால் தட்டின் இரைச்சல் மேலே வரும். வெளியீட்டு நாள் தலைக்குமேல் தொங்க, நீங்கள் வெளியிட மாட்டேன் என்று நின்றீர்கள். சில நாள் ஓய்வு, பிறகு ஒரு நாளைக்கு ஒரு பாட்டு என்று எல்லாவற்றையும் திரும்பக் கலந்து, நீளத்தை வெட்டினீர்கள். முடிவில் ஒன்பது பாடல்கள், இரு பக்கமும் சேர்த்து 42 நிமிடம் சொச்சம். தட்டுக்கான இறுதி ஒலிச்சீர்மை செய்த பெர்னி கிரண்ட்மன் அவர்களுக்கும் இதே வரியில் வணக்கம். இவ்வளவு வெட்டிய நீங்கள் 'பில்லி ஜீன்' முன்னிசையையும் குறைக்கச் சொன்னீர்கள். அதைக் கேட்டால்தான் ஆடத் தோன்றுகிறது என்று மைக்கேல் மறுத்ததும் விட்டுவிட்டீர்களே, அதற்கும் நன்றி.

அந்த முன்னிசையில் மேளம் வாசித்த இன்டூகு சான்ஸ்லர், பேஸ் வாசித்த லூயிஸ் ஜான்சன், விசைப்பலகையில் கிரெக் ஃபிலிங்கேன்ஸ், தொகுப்பின் தலைப்புப் பாடலை எழுதித்தந்த ராட் டெம்பர்டன்: உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மடல் எழுதலாம். லூயிஸ், பல பேஸ் கிட்டார்களை வாசித்துக்காட்டி, மைக்கேல் கை காட்டிய யமஹாவில் அந்த வரியை இசைத்தீர்கள்.

'பீட் இட்' பாட்டுக்கு ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் பணம் வாங்காமல் வாசித்தது ஊரறிந்த செய்தி. அதற்குப் பின்னால் நடந்த பாடு பலருக்குத் தெரியாது. தன் தனி வாசிப்புக்கு வாகாக அந்தப் பகுதியின் அமைப்பை மாற்றச் சொன்னார் எடி. நாடா வெட்டி ஒட்டப்பட்டது. மேலே சொன்ன நேரக் குறியீடு ஓடும் கடிகாரம் மாதிரி. நடுவில் வெட்டினால் கடிகாரம் தாவிவிடும். இரண்டு இயந்திரங்களும் அதன்பின் சேராது. மிஞ்சியவை மைக்கேலின் குரலும் எடியின் கிட்டாரும் மட்டும். பொதுவாக மேளம் முதலில், குரல் கடைசியில். ஜெஃப் போர்க்காரோ, நீங்கள் தலைகீழாகச் செய்தீர்கள்: முடிந்துபோன குரலைக் கேட்டுக் குச்சியால் தாளக்கட்டைப் பிடித்து, அதன்மேல் மேளத்தை வாசித்தீர்கள். ஸ்டீவ் லூகதர், அந்த மேளத்தின்மேல் கிட்டாரும் பேஸும் நீங்கள். முதலில் பெரிய ஆம்ப்ளிஃபயரில் அடுக்கடுக்காக வாசித்ததை, வானொலிக்கு இது முரடு என்று குவின்சி சொன்னதும் சின்ன ஆம்ப்ளிஃபயருக்கு மாறித் திரும்ப வாசித்தீர்கள். கேட்பவர்களுக்கு ஒட்டுப்போட்ட தடமே தெரியவில்லை. ஜெஃப், 1992-லேயே போய்விட்டீர்கள், மைக்கேலுக்கும் முன்னால்.

ஆட்டத்துக்கு வருகிறோம். 1983 மார்ச் 25 அன்று பசடீனா அரங்கில் பதிவாகி மே 16 அன்று ஒளிபரப்பான நிகழ்ச்சியில் அவர் பின்னோக்கி வழுக்கிய 'மூன்வாக்' ஆட்டம் சில நொடிகள்தான். அதை அவருக்குக் காட்டிக்கொடுத்த ஜெஃப்ரி டேனியல், காஸ்பர் கேண்டிடேட், கூலி ஜாக்சன் அவர்களுக்கும், இவர்களுக்கெல்லாம் முன்னால் 1940-களிலேயே திரையில் அதைச் செய்துகாட்டிய பில் பெய்லிக்கும் நன்றி. நினைவு நாளில் மூன்வாக் ஆடிப் பார்க்கிற பிள்ளைகளுக்காக அதன் சூட்சுமத்தை இங்கே வைக்கிறோம். இடது குதிகாலைத் தூக்கி, முழங்காலை மடித்து, உடல் எடை முழுவதையும் இடது முன்பாதத்தில் ஏற்றுங்கள். வலது பாதம் தரையோடு தட்டையாக, எடையே இல்லாமல் பின்னால் வழுக்க வேண்டும். அது இடது காலைக் கடந்து பின்னே போனதும், ஒரே கணத்தில் வலது குதிகால் மேலே, இடது குதிகால் கீழே. எடையும் அப்போதே மாற வேண்டும். இனி வழுக்குவது இடது கால். கால் சிக்கிக்கொண்டால் தட்டைப் பாதத்தில் எடை மிச்சம் இருக்கிறது என்று பொருள். தலை ஏறி இறங்கினால் குதிகால் மாற்றம் தாமதமாகிறது. ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணியில் வராது. தோல் அடிப்பாகமோ வெறும் காலுறையோ வேண்டும். அவர் உயரமாக வெட்டிய காற்சட்டையும் மின்னும் வெள்ளைக் காலுறையும் போட்டது பகட்டுக்காக மட்டும் என்று எண்ண வேண்டாம். கறுப்புக் காலணிக்குமேல் வெளிச்சம் பட்டுக் கணுக்கால் கடைசி வரிசைக்கும் தெரிந்தது.

உடை வடிவமைப்பாளர்கள் மைக்கேல் புஷ், டென்னிஸ் டாம்ப்கின்ஸ் இருவருக்கும் தனி நன்றி. 'ஸ்மூத் கிரிமினல்' படக்காட்சியில் கம்பி கட்டிச் செய்த, உடல் வளையாமல் முன்னால் சாயும் முன்சாய்வை மேடையில் கம்பியில்லாமல் செய்ய வழி கண்டீர்கள். மைக்கேலோடு சேர்ந்து நீங்கள் மூவரும் 1993 அக்டோபர் 26 அன்று பெற்ற அமெரிக்கக் காப்புரிமையின் எண் 5,255,452. காலணியின் குதிகாலடியில் ஒரு பிளவு: முன்பக்கம் அகலம், உள்ளே போகப் போகக் குறுகல். மேடைக்கு அடியிலிருந்து தலை பருத்த முளை ஒன்று தகுந்த நேரத்தில் மேலெழும். ஆடுபவர் காலை முன்னே நகர்த்திப் பிளவை முளையில் மாட்டிக்கொண்டு சாய்வார். கணுக்காலைத் தாங்கும்படி காலணி உயரமாக இருக்கும். முளையின் தலை குறுகலான முனை வரை போய் உட்காராவிட்டால் குதிகால் கழன்றுவிடும். ஆள் முகம் குப்புற விழுவார். சண்டிகரைச் சேர்ந்த நரம்பியல் அறுவை மருத்துவர்கள் 2018-இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். சாதாரண மனிதர் கணுக்காலில் சாயக்கூடியது சுமார் 20 பாகை, நன்கு பழகிய ஆட்டக்காரர் 25 முதல் 30, மைக்கேல் 45. காலணி பாதி வேலைதான் செய்கிறது. மீதியைக் குதிகால் தசைநாரும் முதுகுத் தசையும் சுமக்கின்றன. ஆகவே பிள்ளைகளே, செருப்பைத் தரையில் ஆணியடித்து முயலாதீர்கள்.

கடைசியாக, பெயர் போடாத ரசிகர்களுக்கு. கலிஃபோர்னியாவின் கிளெண்டேலில் அவர் அடக்கமான ஃபாரஸ்ட் லான் மண்டபத்துக்குள் பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. உலகம் முழுவதும் இருந்து வரும் ரோஜாக்களை ஜூன் 25 தோறும் அதன் வெளியே அடுக்கிவைக்கும் தன்னார்வலர்களே, நன்றி. ஜெர்மனியின் மியூனிக்கில், அவர் வழக்கமாகத் தங்கிய விடுதிக்கு எதிரே நிற்கும் பழைய இசையமைப்பாளர் ஓர்லாண்டோ டி லாசோவின் சிலைப் பீடத்தை மைக்கேலின் நினைவிடமாக்கி, 2009-இலிருந்து பார்த்துக்கொள்கிறவர்களே, உங்களுக்கும். படங்களுக்கு மழை புகாத உறை போடவும், வாடிய பூக்களை அள்ளவும், மெழுகுவர்த்திகளைக் கண்ணாடிக் குடுவைக்குள் ஏற்றவும் ஆள் இல்லாவிட்டால் அப்படிப்பட்ட இடம் சில வாரத்தில் குப்பைமேடாகும். நகராட்சியும் அள்ளிக்கொண்டு போகும். அங்கே போகிறவர்கள் பூவை மட்டும் கொண்டுபோங்கள். பூவைச் சுற்றிய பிளாஸ்டிக்கைக் கையோடு திரும்ப எடுத்து வாருங்கள். அவர்களுக்கு வேலை மிச்சம்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
மைக்கேலின் தமிழ் ரசிகர்கள்