சங்கரதாஸ் சுவாமிகளின் மெட்டுகளைப் பதிவு செய்ய வேண்டி, இயல் இசை நாடக மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், கலை பண்பாட்டுத் துறையின் இயக்குநருக்கும்,

வணக்கம்.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல் மாவட்டங்களின் ஊர்த் திருவிழாக்களில் இன்றைக்கும் இரவு 10 மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கிற, பல ஊர்க் கலைஞர்களை அந்த ஓர் இரவுக்கென்று சேர்த்து ஆடும் ஸ்பெஷல் நாடகங்களில் பாடப்படும் பாட்டுகளில் பெரும்பகுதி தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியவை. மற்றவற்றில் பலவும் அவர் எழுதியவற்றிலிருந்து கிளைத்தவை. அந்தப் பாட்டுகளின் சொற்கள் அச்சில் இருக்கின்றன. அவற்றின் மெட்டுகளோ மூத்த நடிகர்களின் தொண்டையிலும் ஆர்மோனியப் பின்பாட்டுக்காரர்களின் விரல்களிலும்தான் பெரும்பாலும் இருக்கின்றன. அவர்கள் குரலோடும் நினைவோடும் இருக்கும்போதே அந்த மெட்டுகளை முறையாக ஒலிப்பதிவு செய்து, மதுரையிலேயே எவரும் வந்து கேட்கும்படி வைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் நாடகக் குடும்பத்தில் பிறந்தவன் அல்லன். மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வள்ளித் திருமணமும் பவளக்கொடியும் பார்த்து வளர்ந்த எளிய ரசிகன். ஆகவே தொழில் தெரிந்தவர்கள் திருத்த வேண்டிய இடம் எதுவும் இருந்தால் திருத்திக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறேன். ஆனால் கோரிக்கையில் எனக்குத் தயக்கம் இல்லை.

சுவாமிகள் 1867 செப்டம்பர் 7 அன்று தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தை தாமோதரக் கணக்கப்பிள்ளை இராமாயணத்தில் புலமை மிக்கவர். பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றவர், வெண்பாவும் கலித்துறையும் சந்தப் பாட்டும் இளமையிலேயே கைவந்தவர், உப்புப் பண்டகசாலையில் கணக்கராகச் சில காலம் வேலை பார்த்துவிட்டு, 24 வயதில் அதை விட்டு நாடகக் கம்பெனிக்குப் போனார். நாடகக்காரர்களைக் கூத்தாடிகள் என்று வாசலில் நிறுத்திய காலத்தில், யாப்பு கற்ற ஒருவர் தாமாக விரும்பி அந்த வாசலுக்குள் நுழைந்தது சிறிய செயல் அன்று.

முதலில் அவர் நடிகர். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் என்று அச்சம் தரும் வேடங்களே அவருக்கு வாய்த்தன. பாடவும் கர்ஜிக்கவும் வல்ல குரல் அவருடையது என்பது அவரிடம் பயின்றவர்கள் வாயிலாக வந்த செய்தி. நளன் கதையில் சனீஸ்வரனாக நடித்த ஓர் இரவு முடிந்து, வேடம் கலைக்க விடியற்காலையில் குளத்துக்குப் போனபோது, அங்கே வந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தி அந்தக் கோலத்தைக் கண்டு அஞ்சி உயிர்விட்டாள் என்றும், அதன்பிறகு அவர் வேடம் கட்டுவதையே விட்டார் என்றும் நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்வார்கள். எது எவ்வாறாயினும், நடிப்பிலிருந்து ஒதுங்கி அவர் முழுநேர வாத்தியாராக மாறியதே தமிழ் நாடகத்துக்கு வாழ்வளித்தது.

இடையில் புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையுடன் அவர் வாழ்ந்த காலத்தைத் தனியே சொல்ல வேண்டும். பிள்ளை அவரை மகனைப் போல வைத்துக்கொண்டார். லய நுட்பம் முழுவதையும் சுவாமிகள் அங்கே உள்வாங்கினார். திருப்புகழின் சந்தத்தில் தோய்ந்த ஒரு புலவருக்குத் தாளத்தின் கணக்கும் பிடிபட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அவருடைய நாடகப் பாட்டுகளே சான்று. அந்தப் பாட்டுகளை வெறும் கவிதையாகப் படித்தால் சில வரிகள் சொல் அடுக்கியவை போலத் தோன்றும். மிருதங்கத்தோடு, தாளத்தில் பாட்டைத் தொடங்கும் இடமான எடுப்புத் தெரிந்த ஒரு ராஜபார்ட், அதாவது கதாநாயக நடிகர், பாடக் கேட்டால், அதே வரியில் ஒவ்வொரு சொல்லும் ஏன் அந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பது விளங்கும். தாளில் இருக்கும் பாட்டு பாதிப் பாட்டுதான் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

1918ஆம் ஆண்டு மதுரையில் அவர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். ஸ்திரீபார்ட் என்னும் பெண் வேட நடிகர் கண்ணுசாமிப் பிள்ளையின் பிள்ளைகளான டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தது இந்தச் சபையில்தான். பின்னாளில் ஔவை சண்முகம் என்று பெயர் பெற்ற டி.கே. சண்முகத்துக்கு அப்போது வயது 6. அபிமன்யு சுந்தரி நாடகத்தைப் பாட்டும் வசனமுமாகச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததை அவர் பிற்காலத்தில் வியந்து எழுதியிருக்கிறார். கடைசிக் காலத்தில் பக்கவாதம் தாக்கிய பின்னும் சுவாமிகள் சபையை விட்டுப் பிரியவில்லை. அதனுடனேயே ஊர் ஊராகச் சென்றார். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது.

மெட்டுக்கு வருகிறேன். பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இராகமும் தாளமும் குறித்திருக்கும். பல இடங்களில் 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு', அதாவது முன்பே வழங்கிய அந்தப் பாட்டின் மெட்டில் பாட வேண்டும், என்றும் இருக்கும். அந்த 'இன்ன பாட்டு' எது என்று இன்று தெரிந்தவர் மிகச் சிலர். பார்சி நாடகக் கம்பெனிகள் கொண்டுவந்த இந்துஸ்தானிச் சாயல்கள், காவடிச் சிந்து, தெம்மாங்கு, கீர்த்தனை எல்லாம் கலந்த ஒரு பெருங்கடை அன்றைய நாடக மேடை. அதில் வழங்கிய மெட்டின் பெயரைச் சொன்னாலே போதும், பாடுகிறவர் பிடித்துக்கொள்வார். இராகப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இன்று ஒருவர் இசையமைத்துப் பாடினால், அது நல்ல பாட்டாக இருக்கலாம். சுவாமிகள் மனத்தில் கேட்ட பாட்டாக இருக்காது.

'காயாத கானகத்தே' என்ற பாட்டை நாம் அனைவரும் அறிவோம். எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் இசைத்தட்டில் ஏறியது. 1945இல் வந்த ஸ்ரீவள்ளி படத்தில் நம் சோழவந்தான் பக்கத்துத் தென்கரையில் பிறந்த டி.ஆர். மகாலிங்கம் அதைப் பாடினார். அதனால் அந்த ஒரு பாட்டின் மெட்டு பிழைத்தது. அதே வள்ளித் திருமணத்தில் இருக்கும் மற்றப் பாட்டுகள் எத்தனைக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது? அல்லி அர்ஜுனாவில், சதி சுலோசனாவில், சதி அனுசூயாவில் உள்ளவை? இந்த நாடகங்களை இப்போது ஊர்களில் கேட்டு வைப்பவர்களே குறைந்துவிட்டார்கள். பெரும்பாலும் வள்ளித் திருமணம். அதை விட்டால் பவளக்கொடி, அரிச்சந்திர மயான காண்டம். ஆடப்படாத நாடகத்தின் பாட்டை இளையவர்கள் பாடம் பண்ணுவதில்லை. பாடம் பண்ணிய மூத்தவர்களுக்கு அதைப் பாட மேடை இல்லை.

ஸ்பெஷல் நாடகத்தில் வெவ்வேறு ஊர்க் கலைஞர்கள் ஒத்திகை ஏதுமின்றி அன்றிரவுதான் மேடையில் சந்திக்கிறார்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பின்பாட்டு வேறோர் ஊர். எல்லோருக்கும் பொதுவாக இருப்பது சுவாமிகளின் பாடம். அதன்மேல் நின்றுகொண்டுதான் நாரதரும் வள்ளியும், வேலனும் வள்ளியும் மணிக்கணக்கில் தர்க்கம் செய்கிறார்கள். எதிராளி விட்ட சொல்லை எடுத்து அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டித் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஆக, சுவாமிகள் ஒருவரே எழுதி, பாடி, நடித்தவர் என்பதோடு கதை முடியவில்லை. எழுதுவதும் பாடுவதும் நடிப்பதும் ஒரே ஆளின் வேலையாக இருக்கும் தொழிலை அவர் இம்மண்ணில் நிலைநிறுத்திப் போனார்.

திருமங்கலத்தில் வாழ்ந்த நாடக நடிகர் தியாகி விஸ்வநாத தாஸ் இதற்கு ஒப்பற்ற எடுத்துக்காட்டு. தினைப்புனத்தில் பறவை விரட்டும் வள்ளியின் காட்சியில் வெள்ளைக் கொக்கைப் பற்றிய பாட்டு நுழைந்தபோது, அந்தக் கொக்கு வெள்ளையரே என்று தரையில் உட்கார்ந்திருந்த கடைசி ஆளுக்கும் தெரிந்தது. நாடகங்களைத் தடை செய்ய இடம் தந்த 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தைக் கையில் வைத்திருந்த போலீசுக்கும் தெரிந்தது. அவர் பாடிய தேசியப் பாட்டுகளில் பலவற்றை எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். 1931இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸுக்கும் பாட்டெழுதியவர் அவரே. பலமுறை சிறை சென்ற தாஸ், கடன் சுமையிலும் அரசுக்கு வளைந்துகொடுக்காமல், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் வள்ளித் திருமண மேடையில் முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர்நீத்தார். திருமங்கலத்தில் அரசு அவருக்கு நினைவு இல்லம் அமைத்திருக்கிறது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். அங்கே வரும் ஒரு பள்ளி மாணவன், அவர் பாடிய நாடகப் பாட்டு எந்த மெட்டில் அமைந்தது என்று அவ்வழியில் வந்த ஒரு நடிகரின் குரலில் கேட்க வழி இருந்தால், அந்த இல்லம் இன்னும் நிறைவு பெறும்.

மன்றமும் துறையும் எதுவும் செய்யவில்லை என்று நான் கூறவில்லை. கலைமாமணி விருதும் நலிந்த கலைஞர்களுக்கான நிதியுதவியும் நாடகக்காரர்களையும் எட்டியிருக்கின்றன. மதுரை தமுக்கம் மைதானத்தில் சுவாமிகளுக்குச் சிலை இருக்கிறது. நாடகக் கலைஞர்கள் ஆண்டுதோறும் குருபூசை செய்கிறார்கள். ஆனால் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி அனுப்பிய மூத்த கலைஞரை, அன்று மாலையே ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்காரவைத்து, அவருக்குத் தெரிந்த அனைத்தையும் பாடச் செய்திருந்தால், நம்மிடம் இன்று எவ்வளவு இருந்திருக்கும்! கைப்பேசியில் எடுத்த முழு இரவு நாடகங்கள் யூடியூபில் ஏராளம் உண்டு என்று சிலர் சொல்லக்கூடும். எடுப்பவர்களின் ஆர்வம் பாராட்டத்தக்கதே. ஆனால் குழாய் ஒலிபெருக்கியின் இரைச்சலில் ஆர்மோனியம் அமுங்கிப்போகிறது. பாடுகிறவர் யார், யாரிடம் பாடம் கேட்டவர், பாடுவது சுவாமிகள் வரியா, சொந்த வரியா என்ற குறிப்பு எதுவும் இல்லை. அவற்றை வைத்து மெட்டை மீட்பது கடினம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. மதுரையில் இருக்கும் நாடக நடிகர் சங்கத்தினரையும், புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் பகுதிச் சங்கங்களையும் கலந்துகொண்டு, முதிய ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் (கோமாளி) கலைஞர்கள், ஆர்மோனியம் மற்றும் மிருதங்கக் கலைஞர்கள் ஆகியோரின் பட்டியல் ஒன்றை முதலில் தயாரிக்க வேண்டும். வயது முதிர்ந்தவரிடமிருந்து தொடங்க வேண்டும். பசுமலையில் உள்ள அரசு இசைக் கல்லூரியின் ஆசிரியர்களும் மாணவர்களும் உடனிருந்து அவற்றைச் சுரக் குறிப்பாக எழுதிச் சுரப்படுத்த வேண்டும். ஒரே பாட்டை மூவர் மூன்று விதமாகப் பாடினால் எது சரியென்று தீர்ப்புச் சொல்ல முற்படாமல், மூன்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்திரீபார்ட் கலைஞர்களை மறக்காதிருக்கும்படி தனியே கேட்டுக்கொள்கிறேன். ஊரார் ஏச்சையும் இரவுப் பயணத்தின் தொல்லைகளையும் தாங்கி வள்ளியையும் சந்திரமதியையும் இத்தனை காலம் உயிரோடு வைத்திருப்பவர்கள் அவர்கள். பட்டியல்களில் அவர்கள் பெயர் பெரும்பாலும் பின்னாலேயே வருகிறது.

பதிவுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு நாடக இரவுக்குரிய சம்பளத்துக்குக் குறையாத தொகை தர வேண்டும். சுவாமிகளின் வரிகள் பொதுச்சொத்தாகி நெடுங்காலம் ஆகிறது. ஆனால் பாடுகிறவரின் குரலும் அவர் சேர்க்கும் சொந்த வரிகளும் அவருடையவை. அவர் பெயரில்லாமல் எங்கும் அவை ஒலிக்கக் கூடாது. வீடுகளில் பரணில் கிடக்கும் பாட்டு நோட்டுகளையும் நாடக நோட்டீசுகளையும் படியெடுத்துக்கொண்டு, மூலத்தை அந்தந்தக் குடும்பத்திடமே திருப்பித் தந்துவிடலாம். சேர்ந்தவற்றை 2023 ஜூலையில் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில், கட்டணமின்றிக் கேட்கும் வசதியுடன் வைக்கலாம். கட்டடமும் வாசகர்களும் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள்.

நாடகப் பருவம் மாசி, பங்குனியில் தொடங்கி ஆடியோடு ஏறக்குறைய ஓய்ந்துவிடும். அதற்குப் பிந்தைய மாதங்களில் கலைஞர்கள் வேலையின்றி, வருமானமின்றி வீட்டில் இருக்கிறார்கள். பதிவுப் பணியை அந்த மாதங்களில் வைத்துக்கொண்டால் அவர்களுக்கும் உதவியாக இருக்கும், வேலையும் தடையின்றி நடக்கும். அதற்கான ஆணையை இவ்வாண்டு ஆடி முடிவதற்குள் பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேலூர் வட்டத்து நாடக ரசிகன் ஒருவன்